சிங்கப்பூர் – நியூயார்க் விமானப் பயணம்: எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இன்று உலகில் எங்கும் இறங்காமல் பறக்கும் பயணிகள் விமானச் சேவைகளில் மிக நீளமானது சிங்கப்பூருக்கும் நியூயார்க்கிற்கும் இடையிலானது. பிள்ளைகள் நியூ ஜெர்சியில், பெற்றோர் சிங்கப்பூரில் என்று இருக்கும் குடும்பங்கள் நிறைய. சென்னை, திருச்சிப் பக்கமிருந்து சிங்கப்பூர் வந்து மாறிப் போகலாமா என்று யோசிப்பவர்களும் உண்டு. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. கிலோமீட்டர் கணக்கை மட்டும் வைத்து இந்தப் பயணத்தைத் திட்டமிட முடியாது என்பது என் கருத்து. எந்த வழியில் போவது, எவ்வளவு நேரம் ஆகும் என்பதைக் காற்று முடிவு செய்கிறது. போய் இறங்கிய பிறகு உடம்பு படும் பாட்டைக் கடிகாரம் முடிவு செய்கிறது. அதனால் இந்த இரண்டையும் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் எத்தனை கிலோமீட்டர்?

சாங்கி விமான நிலையத்திலிருந்து நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையம் (ஜேஎஃப்கே) வரை மிகக் குறுகிய வான்வழித் தூரம் சுமார் 15,350 கிமீ. மைலில் சொன்னால் ஏறக்குறைய 9,540. நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் விமான நிலையத்துக்கும் அநேகமாக இதே தூரம்தான், வித்தியாசம் சில கிலோமீட்டர்தான்.

இது எவ்வளவு பெரிய தூரம் என்று புரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கிமீ. ஆகவே பூமியில் எந்த இரண்டு இடங்களை எடுத்தாலும் அவற்றுக்கிடையே உள்ள மிகக் குறுகிய தூரம் 20,000 கிலோமீட்டரைத் தாண்டாது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகிறவர் அந்த உச்ச தூரத்தில் முக்கால் பங்குக்கும் மேல் பறக்கிறார்.

தூரத்தை எப்படி அளக்கிறார்கள்? வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தால் வேறு மாதிரி வருகிறதே?

பசிபிக் கடலை நடுவில் வைத்து வரைந்த தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் அது பசிபிக் கடலின் நடுவே குறுக்காகப் போகும். ஆனால் பூமி உருண்டை. ஒரு குளோப்பை எடுத்து, சிங்கப்பூரில் நூலின் ஒரு நுனியையும் நியூயார்க்கில் மறு நுனியையும் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் நேராக வடக்கே ஏறி, வட துருவத்துக்குப் பக்கத்தில் போய், மறுபக்கம் இறங்கும். அதுதான் மிகக் குறுகிய வழி. விமானத் தூரம் என்று எங்கே போட்டிருந்தாலும் அது இந்த நூலின் நீளம்தான்.

இவ்வளவு வடக்கே போகக் காரணம் இரண்டு ஊர்களும் இருக்கும் தீர்க்கரேகைகள். சிங்கப்பூர் கிழக்கே 104 பாகை, நியூயார்க் மேற்கே 74 பாகை. கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊர்களும் பூமியின் ஏறக்குறைய நேர் எதிர்ப் பக்கங்களில் இருக்கின்றன, வடக்கு தெற்கில் மட்டும் மாறுபடுகின்றன.

அந்தக் குறுகிய கோடு எந்த ஊர்கள் வழியாகப் போகிறது?

கணக்குப் போட்டுப் பார்க்க எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கோடு தாய்லாந்து வளைகுடாவைக் கடந்து, தாய்லாந்தின் வடகிழக்கு மாநிலங்கள், லாவோஸ் வழியாகச் சீனாவின் குன்மிங் நகரத்துக்குப் பக்கத்தில் போகிறது. அங்கிருந்து சிச்சுவானின் மேற்கு மலைகள், சைனிங் நகரத்தின் சுற்றுவட்டாரம், கோபிப் பாலைவனம், மங்கோலியா. அப்புறம் பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியாவுக்குள் நுழைந்து, நேராக ஆர்க்டிக் கடலுக்குப் போய்விடுகிறது. வட துருவத்திலிருந்து ஏறக்குறைய 280 கிமீ தள்ளிக் கடந்து, கிரீன்லாந்தின் வடமேற்கு முனை, கனடாவின் பாஃபின் தீவு, கியூபெக் மாநிலம், மான்ட்ரியால் பக்கம் என்று இறங்கி நியூயார்க்கை அடைகிறது.

வெயிலும் மழையும் மட்டுமே உள்ள ஓர் ஊரிலிருந்து கிளம்பி, பூமியின் உச்சந்தலை வழியாகப் போகும் கோடு இது.

விமானம் உண்மையில் அந்த வழியில்தான் பறக்கிறதா?

பெரும்பாலும் இல்லை. சிங்கப்பூரிலிருந்து போகும்போது பொதுவாக வடகிழக்கே திரும்பி, தென் சீனக் கடல், தைவான் அல்லது பிலிப்பீன்ஸ் பக்கம், ஜப்பான், வட பசிபிக், அலாஸ்கா அல்லது அதற்குத் தெற்கே உள்ள கடல், கனடா என்று போகும். திரும்பி வரும்போது பல நாட்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டி, ஐரோப்பா, மேற்காசியா, இந்தியா அல்லது வங்காள விரிகுடா வழியாக வரும். சில நாட்கள் பசிபிக் பக்கமாகவே திரும்புவதும் உண்டு. ஒவ்வொரு நாளும் அன்றைய காற்றைப் பார்த்து, விமான நிறுவனத்தின் திட்டப் பிரிவு புதிதாக வழி போடுகிறது. அதனால் நேற்று வந்தவர் சொன்ன வழியில்தான் இன்று நீங்கள் போவீர்கள் என்று சொல்ல முடியாது.

இதில் ஓர் அழகு இருக்கிறது. போகும்போதும் கிழக்கே பறந்து, வரும்போதும் கிழக்கே பறந்தால், ஒரு முறை போய்த் திரும்பும் பயணி பூமியை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடுகிறார்.

எதற்காக இப்படிச் சுற்றிப் போக வேண்டும்?

காற்றுக்காக. தரையிலிருந்து 10 முதல் 12 கிமீ உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி வேகமான காற்று ஓர் ஆறு போல ஓடிக்கொண்டிருக்கிறது. ஜெட் காற்றோட்டம் என்பார்கள். ஜப்பானுக்கு மேலேயும் அதற்குக் கிழக்கேயும் குளிர்காலத்தில் இது மிக வலுவாக இருக்கும், மணிக்கு 200, 300 கிமீ வேகத்தைத் தொடுவதும் சாதாரணம்.

ஒரு சின்னக் கணக்கு. ஏர்பஸ் ஏ350 விமானம் காற்றில்லாத வானத்தில் மணிக்கு சுமார் 900 கிமீ வேகத்தில் போகும். துருவ வழி 15,350 கிமீ என்றால் வானத்தில் மட்டும் 17 மணி நேரத்துக்குச் சற்று மேல். டோக்கியோ பக்கமாகப் போனால் தூரம் குறைந்தது 16,200 கிமீ, அதாவது 850 கிமீ கூடுதல். ஆனால் வழியெங்கும் சராசரியாக மணிக்கு 60 கிமீ பின்காற்று கிடைத்தால் போதும், அந்த 16,200 கிலோமீட்டரை 17 மணிக்குள் முடித்துவிடலாம். 850 கிமீ கூடுதலாகப் பறந்தும் முன்னதாகவே போய்ச் சேருகிறீர்கள்.

இதே வழியில் எதிர்த்திசையில் வந்தால் என்ன ஆகும் என்றும் பாருங்கள். சராசரியாக 100 கிமீ எதிர்காற்று என்று வைத்தால் 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதனால்தான் திரும்பும் விமானம் ஐரோப்பாவைச் சுற்றிக்கொண்டு வருகிறது. அந்த வழியும் 16,400 கிலோமீட்டருக்குக் குறையாது, ஆனால் காற்று முதுகில் இருக்கும்.

இந்தக் காற்றை முதலில் முறையாக அளந்தவர்களில் ஒருவர் ஜப்பானிய வானிலை அறிஞர் ஓயிஷி வசாபுரோ. 1920களில் பலூன்களை விட்டு அளந்தார். உலகம் முழுவதும் படிக்க வேண்டும் என்று தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் வெளிநாடுகளில் அது கவனம் பெறவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு மேலே பறந்த அமெரிக்க விமானிகள் அந்தக் காற்றில் சிக்கிய பிறகுதான் அதன் வலிமை பரவலாகத் தெரிய வந்தது. இன்று நியூயார்க் போகிறவர்களுக்குப் பயண நேரத்தைக் குறைத்துக் கொடுப்பது அதே காற்றுதான்.

துருவ வழியைத் தவிர்க்க வேறு காரணங்கள் உண்டா?

உண்டு. அந்தக் கோட்டில் ரஷ்யா வருகிறது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கிய பிறகு பல விமான நிறுவனங்கள் ரஷ்ய வான்வெளியைத் தவிர்க்கின்றன. அதோடு துருவப் பகுதியில் சில சிக்கல்களும் உண்டு. சாதாரணக் காந்தத் திசைகாட்டி அங்கே பயன்படாது. வெளியே குளிர் மிக அதிகம், ஜெட் ஏ1 எரிபொருள் உறையும் நிலை மைனஸ் 47 டிகிரி என்பதால் எரிபொருளின் வெப்பத்தைக் கண்காணித்துக்கொண்டே பறக்க வேண்டும். அவசரமாக இறங்க விமான நிலையங்களும் குறைவு. இவை எல்லாவற்றுக்கும் வழிமுறைகள் இருக்கின்றன, துருவத்தைக் கடந்து தினமும் விமானங்கள் பறக்கின்றன. இந்தச் சேவையைப் பொறுத்தவரை காற்றே முதல் காரணம்.

சரி, மொத்தப் பயண நேரம் எவ்வளவு?

அட்டவணையில் பொதுவாக 18 மணி 30 நிமிடத்திலிருந்து 19 மணிக்குள் இருக்கும். இது கேட்டிலிருந்து நகர்வது தொடங்கி, மறுமுனையில் கேட்டில் நிற்பது வரையிலான நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் நிற்பது எல்லாம் இதில் அடக்கம். காற்று நன்றாக இருக்கும் நாட்களில் வானத்தில் இருக்கும் நேரம் 18 மணிக்கும் கீழே வந்துவிடும்.

குறித்த நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். காற்று மோசமான நாளுக்கும் சேர்த்து ஓர் இடைவெளி வைத்துத்தான் அட்டவணை போடுகிறார்கள்.

வீட்டு வாசலிலிருந்து வாசல் வரை எவ்வளவு நேரம் வைத்துக்கொள்ளலாம்?

24 மணி நேரம் என்று வையுங்கள். சாங்கிக்கு 3 மணி நேரம் முன்னால் போவது, நியூயார்க்கில் குடிநுழைவுச் சோதனை, பெட்டிக்குக் காத்திருப்பு, அங்கிருந்து வீட்டுக்குப் போகும் சாலை எல்லாம் சேர்ந்து ஐந்து ஆறு மணி நேரத்தைத் தின்றுவிடும். அழைத்துப் போக வரும் பிள்ளைகளிடம் விமானம் இறங்கும் நேரத்தைச் சொல்லும்போதே, வெளியே வர இன்னும் ஒரு மணி, சில நாள் இரண்டு மணி ஆகும் என்றும் சொல்லிவிடுங்கள்.

இரண்டு ஊருக்கும் நேர வித்தியாசம் என்ன?

நியூயார்க்கில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது 12 மணி, மற்ற மாதங்களில் 13 மணி. எப்போதும் சிங்கப்பூர்தான் முன்னால். அமெரிக்காவில் மார்ச் மாதத்தின் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பரின் முதல் ஞாயிறன்று பின்னே தள்ளுவார்கள். சிங்கப்பூரில் அந்தப் பழக்கம் இல்லை.

12 மணி வித்தியாசம் இருக்கும் மாதங்களில் முள் கடிகாரத்தைத் திருப்பவே வேண்டாம். சிங்கப்பூரில் காலை 8 என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 8. முள் அதே இடத்தில்தான் இருக்கும், பகலும் இரவும் மட்டும் இடம் மாறியிருக்கும். வயதானவர்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தால் சுலபமாகப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரவில் கிளம்பினால் எந்தத் தேதியில், எத்தனை மணிக்குப் போய்ச் சேருவேன்?

திங்கள் இரவு 11:30க்குச் சாங்கியில் கிளம்பி 18 மணி 45 நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். இறங்கும்போது சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6:15. நியூயார்க்கில் கோடை நேரம் என்றால் செவ்வாய் காலை 6:15, குளிர்கால நேரம் என்றால் காலை 5:15. ஒரு நாள் முழுவதும் பறந்தது போல இருக்கும், தேதியில் பார்த்தால் ஓர் இரவுதான் கழிந்திருக்கும்.

திரும்பும்போது நிலைமை தலைகீழ். நியூயார்க்கில் திங்கள் இரவு 10:30க்கு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது புதன் விடியற்காலை, கோடையில் 5:15, குளிர்காலத்தில் 6:15. செவ்வாய்க்கிழமை முழுவதும் விமானத்திலேயே போய்விடும். அந்த நாளில் யாருக்காவது பிறந்தநாளோ, விரதமோ, கட்ட வேண்டிய பணமோ இருந்தால் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். பயணச்சீட்டில் தேதிக்குப் பக்கத்தில் ‘+2’ என்று போட்டிருப்பது இதைத்தான் குறிக்கிறது. அதைக் கவனிக்காமல் விடுவதால் அழைக்க வருகிறவர் ஒரு நாள் முன்னதாக வந்து நிற்பது நடக்கிறது.

வழியில் எத்தனை முறை பொழுது விடியும்?

இரவு கிளம்பிப் பசிபிக் வழியாகப் போகும் விமானத்தில், ஜப்பானைத் தாண்டியதும் சூரியன் எதிரே வந்துவிடும். நீங்கள் கிழக்கே பறக்கிறீர்கள், சூரியனோ மேற்கே போகிறது. அதனால் பகல் சீக்கிரம் ஓடிவிடும். கனடாவுக்குள் நுழையும்போது மறுபடி இருட்டத் தொடங்கி, நியூயார்க்கில் விடியும் வேளையில் இறங்குவீர்கள். குளிர்காலத்தில் நடுவில் வரும் அந்தப் பகல் சில மணி நேரம்தான் நீடிக்கும். இரண்டு இரவுகளுக்கு நடுவே ஒரு குட்டிப் பகல் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் எப்போது தூங்குவது என்று திட்டமிடலாம்.

அப்படியானால் எப்போது தூங்குவது நல்லது?

கிளம்பியதும் உடம்புக்குச் சிங்கப்பூர் இரவு. கடைசி எட்டு மணி நேரம் நியூயார்க் இரவு. முதல் பகுதியில் ஒரு நான்கு மணி நேரம் தூங்கி, நடுவில் விழித்திருந்து, முடிவில் மறுபடி முடிந்தவரை தூங்குவது எனக்குச் சரியாகப் படுகிறது. முதல் பாதியில் எட்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கிவிட்டால், இறங்கும்போது உங்கள் உடம்புக்கு மாலை நேரம், ஊருக்கோ அப்போதுதான் விடிகிறது. அந்தப் பகலைக் கடத்துவது சிரமமாகிவிடும்.

ஜெட் லாக் (புது ஊர் நேரத்துக்கு உடம்பு பழகாத களைப்பு) எத்தனை நாள் இருக்கும்?

ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஏறக்குறைய ஒரு நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் மாறும். 12 மணி வித்தியாசம் என்பது இருக்கக்கூடியதிலேயே கடினமான நிலை, உடம்பின் பகல் முழுக்க இரவாகிறது. முதல் வாரம் பகல் இரண்டு மணிக்குக் கண் சொருகும், இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வரும். காலையில் வெளியே நடந்து வெளிச்சம் படுவதைப் போல உதவுவது வேறில்லை. பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கு ஒன்று சொல்வேன்: போன முதல் நான்கு நாட்களில் எந்த விழாவையும், நீண்ட கார்ப் பயணத்தையும் வைத்துக்கொள்ள வேண்டாம். இறங்கிய அன்றே பெற்றோரைக் கூட்டிக்கொண்டு நயாகரா கிளம்பும் பிள்ளைகள் இதைத் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

எந்த விமானம் இவ்வளவு தூரம் பறக்கிறது?

சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர். யூஎல்ஆர் என்பது மிக நீண்ட தூரம் பறக்கும் ரகத்தைக் குறிக்கிறது. வெளியே பார்த்தால் சாதாரண ஏ350 மாதிரிதான் இருக்கும். உள்ளே எரிபொருள் அமைப்பை மாற்றி, 1,41,000 லிட்டர் கொள்ளளவை 1,65,000 லிட்டராக உயர்த்தியிருக்கிறார்கள். கூடுதல் பெரிய தொட்டி வைக்காமல், இருக்கும் தொட்டிகளிலேயே அதிகம் நிரப்பும்படி செய்த மாற்றம் அது. முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டும் 130 டன் அளவுக்கு வரும். விமானம் மேலெழ அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 280 டன் என்னும்போது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவு எரிபொருள்தான்.

எடைதான் இங்கே எல்லாம். ஒரு பயணியையும் அவர் பெட்டியையும் கூடுதலாக ஏற்றினால், அந்த எடையைச் சுமக்கவே கூடுதல் எரிபொருள் வேண்டும், அந்த எரிபொருளைச் சுமக்க இன்னும் கொஞ்சம் எரிபொருள் வேண்டும். அதனால் இந்த விமானத்தில் 161 இருக்கைகள்தான். பிஸினஸ் வகுப்பில் 67, பிரிமியம் எகானமியில் 94.

சாதாரண எகானமி வகுப்பே கிடையாதா?

நேரடி விமானத்தில் இல்லை. எகானமி வேண்டுமென்றால் இதே நிறுவனம் ஃபிராங்க்ஃபர்ட் வழியாக ஜேஎஃப்கே போகும் விமானம் இருக்கிறது. வளைகுடா, ஜப்பான், தைவான், கொரியா, ஹாங்காங் வழியாக மற்ற நிறுவனங்களிலும் போகலாம். மொத்த நேரம் 22 மணியிலிருந்து 30 மணி வரை போகும். மாறும் இடத்தில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், நேரடி விமானம் எல்லோருக்கும் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். முதுகுவலி உள்ளவர்களுக்கும், ஒரே இடத்தில் 18 மணி நேரம் உட்கார முடியாதவர்களுக்கும், நடுவில் ஓரிடத்தில் இறங்கி மூன்று மணி நேரம் நடந்து, முகம் கழுவி, சூடாக எதையாவது குடித்துவிட்டுப் போவது ஆறுதல். அதே சமயம், மொழி தெரியாமல் தனியாகப் பயணம் செய்யும் வயதான அம்மாவுக்கு நேரடி விமானம்தான் நிம்மதி. வழியில் கேட் தேடி அலைய வேண்டியதில்லை.

இந்தச் சேவை எப்போது தொடங்கியது?

2004 ஜூன் மாதம், நியூவர்க்கிற்கு. அப்போது நான்கு எஞ்சின் கொண்ட ஏர்பஸ் ஏ340-500 பறந்தது. 2008இல் முழு விமானத்தையும் 100 இருக்கைகள் கொண்ட பிஸினஸ் வகுப்பாக மாற்றினார்கள். எரிபொருள் விலை ஏறிய பிறகு நான்கு எஞ்சினுக்குக் கட்டுப்படியாகவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நேரடி விமானமே இல்லை. 2018 அக்டோபர் 11 அன்று இரண்டே எஞ்சின் கொண்ட ஏ350 யூஎல்ஆரில் மறுபடி தொடங்கியது. ஜேஎஃப்கேவுக்கு நேரடியாகப் பறக்கத் தொடங்கியது 2020 நவம்பரில், கோவிட் காலத்தில்.

ஜேஎஃப்கேவா, நியூவர்க்கா, எது வசதி?

நீங்கள் போக வேண்டிய வீடு எங்கே என்பதைப் பாருங்கள். எடிசன், ஜெர்சி சிட்டி, பிரின்ஸ்டன் பக்கம் என்றால் நியூவர்க். குவீன்ஸ், லாங் ஐலண்ட், கனெக்டிகட் என்றால் ஜேஎஃப்கே. மன்ஹாட்டனுக்கு இரண்டிலிருந்தும் ரயில் உண்டு. ஜேஎஃப்கேவில் இறங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: குவீன்ஸ் பகுதியின் ஃபிளஷிங்கில் 1977இல் குடமுழுக்கு நடந்த கணபதி கோயில் அங்கிருந்து பக்கம்தான், அதன் கீழ்த்தளத்தில் உள்ள கேண்டீனில் தோசை கிடைக்கும்.

சென்னையிலிருந்து நியூயார்க் போக சிங்கப்பூர் வழி சரியாக இருக்குமா?

தூரக் கணக்கில் சரியாக இருக்காது. சென்னையிலிருந்து நியூயார்க் குறுகிய வழியில் சுமார் 13,500 கிமீ. துபாய் வழியாகப் போனால் இரண்டு கட்டங்களும் சேர்ந்து 14,000 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும், ஃபிராங்க்ஃபர்ட் வழியும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சிங்கப்பூர் வழியாக என்றால் முதலில் எதிர்ப் பக்கமாக 2,900 கிமீ வந்து, பிறகு 15,350 கிமீ. மொத்தம் 18,000 கிலோமீட்டரைத் தாண்டும். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் கூடுதலாக வானத்தில் இருப்பீர்கள்.

சிங்கப்பூரில் உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கிப் போகிறோம் என்றால் அது வேறு விஷயம், தாராளமாக வாருங்கள். வெறும் மாறுதலுக்காக என்றால் மேற்கு வழிதான் நல்லது.

அவ்வளவு நேரம் விமானியால் எப்படி ஓட்ட முடிகிறது?

நான்கு விமானிகள் போகிறார்கள், முறை வைத்து ஓட்டுகிறார்கள். ஓய்வெடுக்கப் பயணிகள் கண்ணில் படாத தனிப் படுக்கை அறை உண்டு. விமானச் சிப்பந்திகளுக்கும் அப்படியே.

உடல்நலத்துக்கு என்ன கவனம் தேவை?

நீண்ட நேரம் அசையாமல் உட்கார்ந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடுகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எழுந்து நடப்பது, உட்கார்ந்தபடியே குதிகாலைத் தூக்கி இறக்குவது, தண்ணீர் குடிப்பது ஆகியவை போதும் பெரும்பாலானவர்களுக்கு. முன்பு இரத்தக்கட்டு வந்தவர்கள், அண்மையில் அறுவை சிகிச்சை செய்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவர்கள் சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரைக் கேட்க வேண்டும். அழுத்தம் தரும் காலுறை வேண்டுமா என்பதையும் அவரே சொல்லட்டும்.

ஏ350இன் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அதனால் உள்ளே காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைக்க முடிகிறது, சுமார் 6,000 அடி உயர மலைவாசத்தலத்தில் இருப்பது போன்ற அழுத்தம். பழைய விமானங்களில் இது 8,000 அடிக்கு நிகராக இருக்கும். தலைவலியும் களைப்பும் கொஞ்சம் குறைவு.

நீரிழிவு, இரத்த அழுத்த மாத்திரைகளை எந்த ஊர் நேரப்படி எடுப்பது?

இதை யாரும் கேட்காமல் போகக் கூடாது. தினம் ஒரு முறை எடுக்கும் மாத்திரையைக் காலை 8 மணிக்கு எடுத்து வந்தவருக்கு, அதே வேளை நியூயார்க்கில் இரவு 8 அல்லது 7. சில மாத்திரைகளைச் சில மணி நேரம் முன்பின் எடுத்தால் பாதகமில்லை, இன்சுலின் போன்றவற்றில் அப்படி விட முடியாது. விமானத்தில் உணவு வரும் நேரமும் வீட்டு நேரத்தோடு ஒத்துப்போகாது. ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, புறப்படும் நேரம், இறங்கும் நேரம், நேர வித்தியாசம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்த மணிக்கு எந்த மருந்து என்று அவர் குறித்துக் கொடுப்பதைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்துகளைச் சரக்குப் பெட்டியில் போடவே வேண்டாம். பெட்டி தாமதமாக வரலாம். இன்சுலின் சரக்குப் பகுதியின் குளிரில் உறைந்து கெட்டுப்போகலாம்.

சக்கர நாற்காலி, சைவ உணவு எல்லாம் எப்போது சொல்ல வேண்டும்?

சீட்டு எடுக்கும்போதே. சக்கர நாற்காலிக்கு 48 மணி நேரத்துக்கு முன்னதாகவும், சிறப்பு உணவுக்கு 24 மணி நேரத்துக்கு முன்னதாகவும் சொல்லிவிட வேண்டும் என்று வைத்துக்கொண்டால் தவறாது. நன்றாக நடக்கிறவராக இருந்தாலும் எழுபதைத் தாண்டியவர் என்றால் சக்கர நாற்காலி கேளுங்கள். 18 மணி நேரம் உட்கார்ந்த பிறகு குடிநுழைவு வரிசையில் ஒரு மணி நேரம் நிற்பது சின்ன விஷயமில்லை.

வழியில் குலுக்கல் அதிகமாக இருக்குமா?

ஜெட் காற்றோட்டத்தின் ஓரங்களில் குலுக்கல் வரும். மேகமே இல்லாத வானத்திலும் வரும், ரேடாரில் முன்கூட்டியே தெரியாது. சிங்கப்பூருக்கு அருகில் வெப்பமண்டல இடிமேகங்களும் சேர்ந்துகொள்ளும். 2024 மே மாதம் லண்டனிலிருந்து சிங்கப்பூர் வந்துகொண்டிருந்த விமானம் கடுமையான குலுக்கலில் சிக்கிப் பாங்காக்கில் இறங்கியது. ஒரு பயணி உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுவதும், தூங்கும்போதும், இடுப்புப் பட்டையைத் தளர்வாகவாவது போட்டிருங்கள். போர்வைக்கு மேலே போட்டால் சிப்பந்திகள் பார்ப்பதற்காக உங்களை எழுப்ப மாட்டார்கள்.

இதைவிட நீளமான விமானச் சேவை வரப்போகிறதா?

ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு நேரடியாகப் பறக்கத் திட்டமிட்டிருக்கிறது. தூரம் சுமார் 17,000 கிமீ, நேரம் 20 மணிக்கு மேல். 2022இல் இதற்காக 12 ஏர்பஸ் ஏ350-1000 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். அவற்றில் 20,000 லிட்டர் கூடுதல் தொட்டி ஒன்றும், பயணிகள் எழுந்து நின்று கைகால்களை நீட்டத் தனி இடமும் இருக்கும். 238 இருக்கைகள், அதில் எகானமியும் உண்டு.